எந்த அம்மை?

தேனியிலிருந்து கம்பத்துக்குப் போகும் சாலையில், முல்லையாற்றின் கரையில் இருக்கிறது வீரபாண்டி. சித்திரை மாதத்தில் அங்குள்ள கௌமாரியம்மன் கோயிலில் எட்டு நாள் திருவிழா. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்தெல்லாம் மக்கள் திரள்கிறார்கள். மேற்கே மலையேறி ஏலத்தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன குடும்பங்களும் அந்த நாட்களில் இறங்கி வருகின்றன. அக்கினிச்சட்டி ஏந்துவோர், துளைகளிட்ட ஆயிரங்கண் பானையைச் சுமப்போர், மேனி முழுக்கச் சேறு பூசி வருவோர் என நேர்த்திக்கடன்கள் பலவிதம். அவற்றுள் பலவற்றின் பின்னால் இருப்பது ஒரே வேண்டுதல்தான். வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டது. உயிருக்கும் கண்ணுக்கும் கேடில்லாமல் அது இறங்க வேண்டும்.

'கண்ணுக்கும்' என்பது சும்மா சேர்த்த சொல் அன்று. பார்வை இழந்த வீரபாண்டியன் என்ற மன்னன் இங்கு வந்து தவமிருந்தான் என்றும், கௌமாரியின் அருளால் ஒரு கண்ணிலும் அருகிலுள்ள கண்ணீசுவரமுடையாரின் அருளால் மறு கண்ணிலும் ஒளி பெற்றான் என்றும் தலபுராணம் சொல்கிறது. மன்னன் பார்வை இழந்தது ஊழ்வினையால் என்பது புராணத்தின் விளக்கம். ஆனால் நெடுங்காலம் இந்த நாட்டில் பிள்ளைகளைக் குருடாக்கிய முதன்மையான நோய்களில் ஒன்று பெரியம்மை. உயிர் தப்பியவர்களின் கருவிழியிலும் அது தழும்பிட்டுச் சென்றது. அம்மைத் தெய்வத்தின் கோயிலில் கண் திரும்பிய கதை நிலைபெற்றதை அந்தப் பின்னணியோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.

இங்கு நான் எழுத நினைப்பது இன்னொரு கண்ணைப் பற்றி. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் மேனியில் முதல் முத்தைக் கண்டதும் 'இது எந்த அம்மை?' என்று தேடிய கண்ணைப் பற்றி. இன்று ஒரு தாய்க்கு அது சிறிய கேள்வி. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பு வரை அதன் விடையில் ஒரு பிள்ளையின் உயிர் இருந்தது. பெரியம்மையின் கடும் வகை, கண்டவர்களில் பத்தில் மூவரைக் கொன்றது. சிறு குழந்தைகளில் இன்னும் அதிகம். சின்னம்மை ஆரோக்கியமான குழந்தைகளில் லட்சத்தில் ஓரிருவரை மட்டுமே கொல்லக்கூடியது. இரண்டும் காய்ச்சலோடு வந்தன. இரண்டும் கோடைக்கு முந்தைய வறண்ட மாதங்களில் பெருகின. முதல் நாளில் இரண்டும் வெறும் சிவந்த புள்ளிகளே.

*

'அம்மை' என்ற ஒரே சொல்லுக்குள் தமிழர்கள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு உண்டு. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை என எல்லாம் அம்மைதான். எல்லாவற்றுக்கும் வேப்பிலைதான், மாரிதான். இது பாதி உண்மை. வழிபாட்டில் அம்மை ஒன்று. பார்வையில் அது பல.

சித்த மருத்துவ மரபு அம்மையைப் பதினான்கு வகையாகப் பிரிக்கிறது. அந்தப் பெயர்களைப் படித்தால் ஒரு மளிகைக் கடைக்குள் நுழைந்தது போலிருக்கும். கடுகம்மை, மிளகம்மை, கொள்ளம்மை, வெந்தய அம்மை, பாசிப்பயற்று அம்மை, வரகுத்தரி, உப்புத்தரி. ஒவ்வொரு பெயரும் ஒரு அளவு, ஒரு வடிவம். கொப்புளம் கடுகளவா, மிளகளவா, கொள்ளைப் போலத் தட்டையா? புன்செய் நிலத்தில் தானியம் புடைத்துப் பழகிய கண்ணுக்கு இதைவிடத் துல்லியமான அளவுகோல் வேறில்லை. 'முத்து' என்ற சொல்லும் பக்தி மட்டும் அன்று. திரண்டு, நீர் கோத்து, ஒளி பட்டால் மின்னும் கொப்புளத்தைக் கண்டு வைத்த பெயர் அது.

இந்தப் பகுப்பு இன்றைய வைரஸ் பகுப்போடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்தாது. பேச்சு வழக்கிலோ குழப்பம் இன்னும் அதிகம். மணல்வாரி என்பது பெரும்பாலும் தட்டம்மையைக் குறிக்கும். விளையாட்டம்மை என்ற பெயரின் பொருள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் வேறுபாடு இருக்கிறது, அதைக் கண்ணால் பிடிக்கலாம், பிடித்தாக வேண்டும் என்ற எண்ணம் இந்தப் பெயர்களில் பதிந்திருக்கிறது. அதுதான் முக்கியம்.

ஐரோப்பாவும் இதில் வெகுதூரம் முன்னால் போய்விடவில்லை. பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்துக் காட்டும் புகழ்பெற்ற நூலைப் பாரசீக மருத்துவர் அல்-ராஸி பத்தாம் நூற்றாண்டை ஒட்டி எழுதினார். சின்னம்மையைத் தனி நோயாக நிறுவ 1767 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு லண்டன் மருத்துவர் கல்லூரியில் வில்லியம் ஹெபர்டன் ஒரு கட்டுரை படித்தார். அவரை எழுதத் தூண்டியது நடைமுறை சார்ந்த கவலை. சின்னம்மை கண்டு எழுந்தவர்கள் தங்களுக்குப் பெரியம்மை வந்துபோய்விட்டது, இனி வராது என்று நம்பி அஜாக்கிரதையாக இருந்தார்கள். அந்தத் தவறான நிம்மதி அவர்களைக் கொன்றது.

அதற்குப் பிறகும் விவகாரம் ஓயவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோல் மருத்துவத்தின் பெரும் பெயர்களில் ஒருவரான வியன்னாவின் ஹெப்ரா, இரண்டும் ஒரே நோயின் மென்மையான வடிவமும் கடுமையான வடிவமும்தான் என்றே வாதிட்டார். பாட்டிகள் 'எல்லாம் ஆத்தாதான்' என்றதற்கும் பேராசிரியர் சொன்னதற்கும் அதிக தூரமில்லை. 1875இல் ஸ்டைனர் சின்னம்மைக் கொப்புளத்தின் நீரை ஆரோக்கியமானவர்களின் உடலில் ஏற்றி, அது தொற்றும் நோய் என்று காட்டினார். இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காத சோதனை அது.

இதில் நமக்கு நேரான ஒரு திருப்பமும் உண்டு. அக்கி என்ற நோய்க்கு நம் ஊர்களில் தனி வைத்தியம். மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் போய்க் காவியால் 'அக்கி எழுதி' வருவார்கள். அம்மைக்கும் அக்கிக்கும் தொடர்பிருப்பதாக யாரும் எண்ணியதில்லை. அக்கி கண்டவர்களோடு பழகிய குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதை பூடாபெஸ்டின் குழந்தை மருத்துவர் பொக்காய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கவனித்துச் சொன்னார். 1950களில் தாமஸ் வெல்லர் வைரஸைப் பிரித்தெடுத்து இரண்டும் ஒன்றே என்று உறுதி செய்தார். குழந்தையில் சின்னம்மையாக வந்த வைரஸ் நரம்பின் முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்து, முதுமையிலோ உடல் தளர்ந்த காலத்திலோ அக்கியாக எழுகிறது. ஒன்றென்று நினைத்த பெரியம்மையும் சின்னம்மையும் இரண்டாயின. இரண்டென்று நினைத்த சின்னம்மையும் அக்கியும் ஒன்றாயின.

*

1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஆன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு, இந்தியாவில் முதன்முதலாகப் பசுவம்மைப் பால் குத்தப்பட்டது. அதே ஆண்டில் அது சென்னைக்கும் வந்து சேர்ந்தது. திருக்குறளுக்கு உரையெழுதிய எல்லீஸ் துரையை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். அவர் அம்மைப்பாலை மக்கள் ஏற்கும்படி செய்ய, அதைப் பசுவின் கொடைகளுள் ஒன்றாகக் காட்டும் புராணக் கதை ஒன்றைத் தமிழில் எழுதினார் என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். நோய்த் தடுப்புக்கும் தெய்வத்துக்கும் சண்டை மூட்டாமல் சமரசம் செய்யப் பார்த்த முயற்சி அது.

1899இல் கிண்டியில் தோன்றிய கிங் நிறுவனம் பின்னர் அம்மைப்பால் தயாரிப்பின் மையமானது. ஊர் ஊராக அம்மை குத்துகிறவர்கள் போனார்கள். வண்டியில் ஏறிக் கெட்டுப்போன பால், சீழ்ப்பிடித்த கைகள், தெய்வக் குற்றம் என்ற அச்சம் என்று தடைகள் பல. அவற்றோடு சின்னம்மையும் ஒரு தடை. அம்மைப்பால் பெரியம்மையைத் தடுக்கும், சின்னம்மையைத் தடுக்காது. ஊசி குத்திய பிள்ளைக்கு அடுத்த மாசியில் உடம்பெல்லாம் முத்து போட்டால், ஊசி பொய்த்தது என்றுதானே ஊர் சொல்லும்? எந்த அம்மை என்று பிரித்துச் சொல்லத் தெரியாத இடத்தில் தடுப்பூசியின் வெற்றிகூடத் தோல்வியாகவே தெரியும்.

கம்பம் பள்ளத்தாக்கு மூன்று பக்கம் மலை சூழ்ந்த மூலை என்றாலும் தனித்த நிலம் அன்று. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு நீர் இந்தப் பக்கம் திரும்பியது. நெல் பெருகியது. குமுளி வழியாக ஏலமலைக்கு ஆட்கள் ஏறுவதும் இறங்குவதும் ஆண்டு முழுக்க நடந்தது. தோட்ட லயங்களில் ஓர் அறையில் பலர் உறங்கினார்கள். மூச்சுக்காற்றால் பரவும் நோய்க்கு இதைவிட நல்ல வழி வேண்டியதில்லை. அம்மை கண்ட வீட்டு வாசலில் செருகிய வேப்பங்கொத்துக்கு ஒரு நடைமுறைப் பொருளும் இருந்தது: உள்ளே வராதே. அந்த வீட்டில் தாளிப்பு இல்லை, விருந்தில்லை, வெளியூர்ப் பயணமில்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை வாசல் தாண்டுவதில்லை. பொருக்கு உதிரும்வரை தனிமை என்ற விதி, இன்றைய மருத்துவம் சொல்வதோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது.

*

1962இல் இந்தியா தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 1967இல் உலக சுகாதார நிறுவனம் தன் தீவிர இயக்கத்தை அறிவித்தது. எல்லோருக்கும் ஊசி போட்டுவிட்டால் போதும் என்ற முதல் கணக்கு மக்கள் நெருக்கத்தில் தோற்றது. பிறகு வந்த உத்தி வேறு. ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டுபிடி. அவரைச் சுற்றி உள்ளவர்களுக்கு உடனே ஊசி போடு. பரவும் சங்கிலியை அங்கேயே வெட்டு. இந்த உத்தி முழுக்க முழுக்க அடையாளம் காண்பதை நம்பி நின்றது.

சென்னை தண்டையார்ப்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ், பெரியம்மையைப் படுக்கையருகே இருந்து ஆராய்ந்தவர்களில் உலக அளவில் முக்கியமானவர். 1972இல் வெளிவந்த அவருடைய பெரியம்மை பற்றிய நூல் அந்த அனுபவத்தின் சாரம். இப்படிப்பட்டவர்களின் கவனிப்பிலிருந்து வந்த பாடம், கிராமத்துச் சுகாதாரப் பணியாளர் மனப்பாடம் செய்யக்கூடிய அளவுக்கு எளிமையானது.

பெரியம்மையில் கடும் காய்ச்சலும் முதுகுவலியும் முதலில். இரண்டு முதல் நான்கு நாள் கழித்தே முத்து. அது முகத்திலும் கைகால்களிலும் அடர்ந்திருக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வரும். ஓரிடத்தில் உள்ள கொப்புளங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் இருக்கும். தொட்டால் தோலுக்கடியில் ரவை போலக் கெட்டியாக உருளும்.

சின்னம்மை இதற்கு நேர்மாறு. மார்பிலும் முதுகிலும் அதிகம், கைகால் நுனிகளில் குறைவு. கொப்புளம் மேலாக, மெல்லியதாக, பனித்துளி ஒட்டியது போல இருக்கும். அலை அலையாக வரும். ஆகவே ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் புள்ளி, பரு, நீர்க்கொப்புளம், பொருக்கு நான்கையும் பார்க்கலாம்.

நோயுற்ற குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பணியாளர்கள் சந்தையிலும் பள்ளியிலும் 'இப்படி யாரையாவது பார்த்தீர்களா?' என்று கேட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் நோய் உத்தரப் பிரதேசம், பிகார், மேற்கு வங்காளம், மத்தியப் பிரதேசம் ஆகியவற்றில் ஒடுங்கியிருந்தது. தகவல் தருவோருக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது; அத்தொகை பின்னர் ஆயிரம் ரூபாய் வரை உயர்ந்தது. வந்த தகவல்களில் பெரும்பாலானவை சின்னம்மையாகவே முடிந்தன. ஆனாலும் ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்தார்கள். ஆயிரம் சின்னம்மைகளைச் சலிக்காமல் பார்த்துக் கழித்தால்தான் மறைந்திருக்கும் ஒரு பெரியம்மை அகப்படும். இந்தியாவின் கடைசி நோயாளி, 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் கண்டறியப்பட்ட சைபான் பீபி. 1977 ஏப்ரலில் இந்தியா பெரியம்மையற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

அதே 1977 அக்டோபரில், சோமாலியாவின் மெர்கா நகரில் அலி மாவ் மாலின் என்ற மருத்துவமனைச் சமையற்காரருக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் மலேரியா என்றார்கள். முத்து போட்டதும் சின்னம்மை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் அவர்தான். பல்லாயிரம் ஆண்டு நோயின் கடைசிப் பக்கத்திலும் அதே பிழை, அதே கேள்வி. நல்வாய்ப்பாக அவர் பிழைத்தார்; அவரிடமிருந்து யாருக்கும் பரவவில்லை. 1980 மே மாதம் நோய் ஒழிந்ததாக உலகம் அறிவித்தது.

*

பெரியம்மை போன பிறகு அதன் சொத்தையெல்லாம் சின்னம்மை சுவீகரித்துக்கொண்டது. வேப்பிலையும் மஞ்சளும் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் இப்போது இந்தச் சிறிய நோய்க்கே உரியவை. வழிபாடு அப்படியே இருக்க, அச்சம் மட்டும் கரைந்தது. அச்சம் கரைந்ததில் பிழையில்லை. அதோடு சேர்ந்து உற்றுப் பார்க்கும் பழக்கமும் கரைந்துவிட்டதே என்பதுதான் கவலை.

ஏனெனில் கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2022இல் கேரளத்தின் கொல்லம் பகுதியில் குழந்தைகளுக்குச் சிவந்த கொப்புளங்கள் வந்தபோது 'தக்காளிக் காய்ச்சல்' என்ற பெயர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டிலும் பீதியைக் கிளப்பியது. கை, கால், வாய்ப் புண் நோயின் ஒரு தோற்றமே அது என்று பின்னர் தெளிவாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவின் முதல் குரங்கம்மை நோயாளியும் கேரளத்திலேயே கண்டறியப்பட்டார். குரங்கம்மை மனிதரில் முதன்முதலாக 1970இல் காங்கோவில் ஒன்பது மாதக் குழந்தையிடம் கண்டறியப்பட்டதே, பெரியம்மைக்காக ஒவ்வொரு முத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த காலமாதலால்தான். குமுளி வழியாக நாள்தோறும் ஜீப்புகள் போய்வரும் பள்ளத்தாக்குக்குக் கேரளத்துச் செய்தி தொலைவுச் செய்தி அன்று.

ஆகவே பார்க்கக் கற்றுக்கொள்வது இன்றும் பயனுள்ளதே. சிறு குழந்தைகளில் சின்னம்மை பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி வரும். காய்ச்சல் லேசாக இருக்கலாம்; முத்தே முதல் அடையாளமாகவும் இருக்கலாம். தலைமுடிக்குள்ளும் மார்பிலும் முதுகிலும் தேட வேண்டும்; வாய்க்குள்ளும் பார்க்க வேண்டும். அரிப்பு இருக்கும். மூன்று முதல் ஐந்து நாள் வரை புதிய முத்துகள் தோன்றும். நோயாளியோடு பழகிப் பத்து முதல் இருபத்தொரு நாளுக்குள் அது வெளிப்படும். முத்து தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றத் தொடங்கி, கடைசி முத்து பொருக்குத் தட்டும் வரை தொற்றும். இருமலும் மூக்கொழுகலும் சிவந்த கண்ணும் முன்னே வந்து, காதோரத்தில் தொடங்கி நீர் கோக்காத தடிப்பு பரவினால் அது தட்டம்மை. உள்ளங்கை, உள்ளங்கால், வாய் என்று நின்றால் கை, கால், வாய்ப் புண் நோயாக இருக்கக்கூடும். தடுப்பூசி போட்ட குழந்தைகளில் சின்னம்மை சில புள்ளிகளோடு, நீரே கோக்காமல் முடிந்துவிடுவதும் உண்டு. ஐயமிருந்தால் மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

பழைய வழக்கங்களில் தனிமையும், பருத்தித் துணியும், நகம் வெட்டி வைப்பதும், இளநீரும் நுங்கும் கூழும் நல்லவையே. ஆனால் 'ஆத்தா வந்திருக்கும்போது மருந்து கூடாது' என்ற விலக்கு பெரியம்மைக் காலத்தின் எச்சம். அன்று அதற்கு மருந்தே இல்லை. ஆகவே விலக்கினால் இழப்பதற்கும் ஏதுமில்லை. இன்று நிலைமை வேறு. பிறந்த குழந்தை, கருவுற்ற பெண், நோய் எதிர்ப்பு குன்றியவர், வளர்ந்தவர் ஆகியோரில் சின்னம்மை நுரையீரலையும் மூளையையும் தாக்கக்கூடும். இவர்களுக்கு வைரஸுக்கு எதிரான மருந்தை முத்து தோன்றிய ஒரு நாளுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் நான்கு நாளுக்கு மேல் நீடித்தாலோ, குழந்தை மூச்சு வாங்கினாலோ, எழுப்ப முடியாமல் உறங்கினாலோ, ஓயாமல் வாந்தியெடுத்தாலோ, நடை தடுமாறினாலோ மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆஸ்பிரின் எக்காரணம் கொண்டும் தரக்கூடாது. அது அரிதாக மூளையையும் ஈரலையும் கெடுக்கும் ரை நோய்க்குறிக்கு வழி வகுக்கும்.

1974இல் ஜப்பானின் மிச்சியாக்கி தகாஹாஷி சின்னம்மைத் தடுப்பூசியை உருவாக்கினார். இந்தியக் குழந்தை மருத்துவர் கூட்டமைப்பு இரண்டு தவணை பரிந்துரைக்கிறது. முதல் தவணை பதினைந்து மாதத்தில். அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் அது இடம்பெறவில்லை. பணம் கொடுத்துப் போட முடிந்த வீட்டுக்கும் முடியாத வீட்டுக்கும் இடையே அம்மை இன்று புதிதாக ஒரு கோடு கிழித்திருக்கிறது. தோட்டத்துக் கூலி வீட்டுப் பிள்ளை பெரும்பாலும் அந்தக் கோட்டின் மறுபுறத்தில்தான் நிற்கிறது.

தீச்சட்டி ஏந்துவதா வேண்டாமா என்பது அவரவர் நம்பிக்கை. அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடுகென்றும் மிளகென்றும் கொள்ளென்றும் அளந்து பார்த்துப் பெயரிட்டவர்கள், முத்தைக் கண்டதும் கும்பிட்டதோடு நிற்கவில்லை; குனிந்து பார்த்தார்கள். அதையும் மரபென்று கொண்டால் பிள்ளைகளுக்கு நல்லது.